உறியில் தொங்கும் ரயில்

பழைய வீட்டு அடுக்களையில் உறி கட்டியதற்குப் பூனை ஒரு காரணம். இன்னொரு காரணம் இடம். தரையில் அடுப்பும் அம்மியும் ஆட்டுக்கல்லும் உட்கார்ந்திருக்கும். சுவரோரம் தண்ணீர்க் குடம், அரிசிப் பானை. ஆள் நடக்கக் கொஞ்சம் வழி விட்டது போக மிச்சமிருப்பது தலைக்கு மேலே உள்ள இடம்தான். அதனால் உத்தரத்தில் கயிற்றைக் கட்டித் தயிர்ப் பானையைத் தொங்கவிட்டார்கள்.

ஜெர்மனியில் ஓர் ஊர் தன் ரயிலுக்கே இப்படி உறி கட்டியது. வூப்பர்டால் என்பது அந்த ஊர். 1901 மார்ச் 1 அன்று அங்கே பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கிய தொங்கு ரயில் இன்றும் ஓடுகிறது. மொத்தம் 13.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள், முனையிலிருந்து முனைக்கு அரை மணி நேரம். அதில் சுமார் 10 கிலோமீட்டர் ஆற்றின் மேலேயே போகிறது, தண்ணீருக்கு 12 மீட்டர் உயரத்தில். மீதி 3 கிலோமீட்டர் சொச்சம் தெருவின் மேல், 8 மீட்டர் உயரத்தில். தண்டவாளம் மேலே, சக்கரம் அதன்மேல், பெட்டி கீழே. காலுக்கடியில் ஆறு.

இதை வேடிக்கைக்காகக் கட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கண்காட்சி மைதானத்து ராட்டினம் மாதிரி இருக்கிறதே! அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

வூப்பர் என்ற ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து வருகிறது. அதன் கரையில் பார்மென், எல்பர்ஃபெல்ட் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. நூல் வெளுப்பதுதான் இரண்டுக்கும் பிழைப்பு. 1527லேயே அந்தத் தொழிலுக்குத் தனியுரிமை வாங்கிவிட்டார்கள். வெளுக்கத் தண்ணீர் வேண்டும், அதனால் பட்டறைகள் ஆற்றை ஒட்டியே முளைத்தன. பிறகு நெசவாலை வந்தது, நெசவாலைக்குச் சாயம் தேவைப்பட்டது. சாயம் செய்ய 1863இல் பார்மெனில் தொடங்கிய சின்னக் கம்பெனிதான், பின்னாளில் ஆஸ்பிரின் விற்ற பேயர். கார்ல் மார்க்ஸின் நண்பர் ஏங்கெல்ஸ் பிறந்ததும் பார்மெனில், ஒரு நெசவாலை முதலாளி வீட்டில்தான். இப்படியே 19ஆம் நூற்றாண்டு முடியும்போது ஆற்றின் இரு கரையும் ஆலைகளாலும் குடியிருப்புகளாலும் நிரம்பிவிட்டன. இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒடுங்கிய தெரு. இரண்டு ஊருக்கும் இடையே போய்வர லட்சக்கணக்கில் ஜனம்.

சரி, தெருவில் டிராம் விடலாமா? தெருவே போதவில்லை. தூண் நட்டு மேலே ரயில் விடலாமா? தூண் நட நிலம் எங்கே? சுரங்கம் தோண்டலாமா? பாறை, அதன்மேல் ஆற்று ஊற்று. எல்லாம் கழித்துப் பார்த்தால் யாரும் வீடு கட்டாத, யாரும் பட்டா கேட்காத ஒரே இடம் ஆற்றுக்கு மேலே இருக்கும் காற்றுதான். இரண்டு ஊர்களும் 1929இல் ஒன்றாகி, மறு வருடம் வூப்பர்டால் என்று பெயர் வைத்துக்கொண்டன. ரயில் அதற்கு ஏறத்தாழ முப்பது வருடம் முன்பே அவற்றைச் சேர்த்துவிட்டது.

பெங்களூரின் ஆடுகோடியில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு இந்தத் தலைவலி புதிதாக இருக்காது. பெங்களூரு மேட்டு நிலம் என்று பெயர்தானே தவிர, மழைத்தண்ணீர் கணக்கில் அது சில பள்ளத்தாக்குகளாகத்தான் பிரிகிறது. நாம் இருப்பது கோரமங்களாப் பள்ளத்தாக்கு. ஓசூர் ரோடு விரிய இடமில்லை. அதனால்தான் காளேன அக்ரஹாரத்திலிருந்து தூண்மேல் வரும் மெட்ரோவின் பிங்க் லைன், தாவரெகெரேயைத் தாண்டி டெய்ரி சர்க்கிளில் மண்ணுக்குள் இறங்கி, லக்கசந்திரா, லாங்ஃபோர்டு டவுன் என்று தரைக்கடியிலேயே எம்.ஜி. ரோடு போகிறது. அடுக்களையில் இடமில்லையென்றால் ஒன்று நிலவறை வெட்ட வேண்டும், இல்லையென்றால் உறி கட்ட வேண்டும். நாம் நிலவறை வெட்டினோம்.

உறி கட்டச் சொன்னவர் ஒய்கன் லாங்கன் என்ற கொலோன் நகரத்துக்காரர். சர்க்கரை ஆலை முதலாளி. காபிக் கடையில் தட்டோரம் வைக்கிறார்களே சர்க்கரைக் கட்டி, அதை வார்க்கும் முறை ஒன்றுக்கு அவரிடம் காப்புரிமை இருந்தது. இங்கிலாந்தில் ஹென்றி டேட் அந்த உரிமையை வாங்கித்தான் சர்க்கரைக் கட்டி வியாபாரத்தில் பெரிய ஆளானார். இதே லாங்கன்தான் நிக்கோலாஸ் ஓட்டோவுடன் கூட்டுச் சேர்ந்து எரிவாயு எஞ்சின் தொழிற்சாலை நடத்தியவர். இன்றைய பெட்ரோல் எஞ்சினுக்கு மூலம் அந்த ஓட்டோ எஞ்சின். அவர்கள் டாய்ட்ஸ் ஆலையில் எஞ்சினுக்குத் தீப்பொறி தர ஒரு காந்தக் கருவியைச் செய்து வைத்திருந்தார்கள். அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்க, 1887இல் ஸ்டுட்கார்ட்டில் ஓர் இளம் மெக்கானிக் செய்து கொடுத்தார். அவர் பெயர் ராபர்ட் பாஷ். பாஷ் கம்பெனி 1951இல் இந்தியாவில் மைக்கோவைத் தொடங்கி ஆடுகோடியில் உட்கார்ந்து, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்து, எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் சுற்றி வளைத்து வந்தாலும் நம்ம மைக்கோவுக்கும் இந்தத் தொங்கு ரயிலுக்கும் தாத்தா ஒருவரே.

லாங்கன் தன் யோசனையை பெர்லின், மியூனிக், பிரெஸ்லாவ் நகரங்களுக்குக் கொண்டுபோனார். மூன்றும் வேண்டாம் என்றன. இடத்துக்குத் தவித்த பார்மெனும் எல்பர்ஃபெல்டும் 1894இல் சம்மதித்தன. லாங்கன் மறு வருடமே இறந்துபோனார். ரயில் ஓடியதை அவர் பார்க்கவில்லை.

இனி உள்ளே போவோம். காலிலிருந்து தொடங்கலாம்.

முதலில் கால்கள். வெள்ளையடிப்பவர்கள் இரண்டாக விரித்து நிறுத்தும் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் ஆற்றின் இந்தக் கரையில், மறுகால் அந்தக் கரையில், தலை நடு ஆற்றுக்கு மேலே. தண்ணீருக்குள் தூண் இறங்கவில்லை என்பதால் வெள்ளம் வந்தாலும் ஆறு தடையில்லாமல் ஓடும். தெருப் பகுதியில் ஏணியை விரித்தால் வண்டி போக முடியாது, அதனால் அங்கே பந்தல் கால் மாதிரி நேராக நிறுத்திக் குறுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கால்களில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாம் ஒரே மாதிரி ஊன்றப்பட்டவை இல்லை. பெரும்பாலானவை அடியில் மூட்டு வைத்து, ரயில் போகும் திசையில் துளி முன்னும் பின்னும் சாயக்கூடியவை. இடையிடையே சில மட்டும் அசையாமல் ஊன்றியவை. ஏன் இப்படி? மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கொல்லர் பட்டையைக் காய்ச்சுவார், அது விரியும், சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார், சுருங்கிக் கவ்விக்கொள்ளும். குளிர்கால இரவுக்கும் கோடைகால மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 100 மீட்டர் இரும்புச் சட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளும். எல்லாக் கால்களையும் அசையாமல் ஊன்றியிருந்தால் அந்த 5 சென்டிமீட்டர் எதையாவது முறித்துக்கொண்டு வெளியே வரும். சாயும் கால் அதற்கு வழிவிடுகிறது. ஊன்றிய கால் மொத்தச் சட்டமும் ஒரு பக்கமாக நகர்ந்து போகாமல் பிடித்துக்கொள்கிறது.

அடுத்து, கால்களின் தலையில் கிடக்கும் சட்டம். கயிறு பின்னாத வெறும் கட்டில் சட்டத்தை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் சதுரம் கோணிக்கொண்டு போகும். மூலைக்கு மூலை ஒரு கட்டையை அடித்துவிட்டால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது, அவ்வளவுதான். நூரம்பர்க் எஞ்சினியர் அன்டன் ரீப்பல் வடிவமைத்த சட்டம் இப்படி முக்கோணங்களைப் பின்னிப் பின்னிச் செய்தது. ஒரு பின்னல் ரயிலின் எடையைத் தாங்கும். இன்னொரு பின்னல் படுக்கைவாக்கில் கிடந்து காற்றும் வளைவும் தள்ளும் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும். வேலை 1898இல் தொடங்கியது. மொத்தம் 19,200 டன் இரும்பு போனது. 1900 அக்டோபரில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மனைவியோடு வந்து ஏறிப் பார்த்தார். அவர் போன பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு தண்டவாளம். போக ஒன்று, வர ஒன்று. சாதாரண ரயிலுக்கு ஒரு பாதையில் இரண்டு தண்டவாளம் வேண்டும், இதற்கு ஒன்றே போதும். ஒற்றைத் தண்டவாளத்தில் சக்கரம் எப்படி நிற்கிறது என்று கேட்டால், கிணற்றுக் கப்பியைப் பாருங்கள். கப்பியின் இரண்டு விளிம்பும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். கயிறு இந்தப் பக்கமும் நழுவாது, அந்தப் பக்கமும் நழுவாது. தொங்கு ரயிலின் சக்கரமும் அப்படியே, இரு விளிம்பு வைத்தது. கிணற்றில் கப்பி நிற்கும், கயிறு ஓடும். இங்கே தண்டவாளம் நிற்கிறது, கப்பி ஓடுகிறது.

சக்கரத்தையும் பெட்டியையும் சேர்ப்பது ஒரு கொக்கி. கறிக்கடையில் மேலே ஒரு கம்பி, அதில் வளைந்த கொக்கிகள், கொக்கியில் தொடை தொங்கும். கடைக்காரர் கொக்கியைத் தள்ளினால் கம்பியோடு நகரும். கிட்டத்தட்ட அதுதான். சக்கரச் சட்டத்திலிருந்து ஒரு கனத்த இரும்புக் கை கிளம்பி, தண்டவாளத்துக்கு வெளிப்பக்கமாக வளைந்து, அதற்கு நேர் கீழே வந்து பெட்டியைப் பிடித்திருக்கிறது. நேர் கீழே என்பது முக்கியம். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பெட்டி எப்போதும் சாய்ந்தே தொங்கும். கையின் வளைவுக்கும் தண்டவாளத்தைத் தாங்கும் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. சக்கரம் துள்ளி மேலே எழும்பப் பார்த்தாலும் கை போய்ச் சட்டத்தில் இடித்து நிறுத்திவிடும். கறிக்கடைக் கொக்கியைக் கையால் தூக்கிக் கழற்றிவிடலாம். இதை முடியாது.

பிறகு மோட்டார். மிக்ஸியில் மோட்டார் கீழே, ஜார் மேலே. அந்த மிக்ஸியைக் கவிழ்த்துப் பிடித்தால் தொங்கு ரயில். மோட்டார் சக்கரத்தோடு மேலே இருக்கிறது, ஆட்கள் கீழே ஜாருக்குள். தண்டவாளத்தை ஒட்டியே போகும் தனிக் கம்பிச்சட்டம் ஒன்றிலிருந்து மின்சாரம் வருகிறது. நெடுங்காலம் 600 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது, புதிய பெட்டிகளுக்காக 750 ஆக உயர்த்தினார்கள். நீராவி எஞ்சினை மாட்டித் தொங்கவிட்டிருந்தால் கரியும் தண்ணீரும் சுமந்தே சட்டம் வளைந்திருக்கும். மின்சார மோட்டார் வந்த பிறகுதான் இப்படி ஒரு ரயிலுக்கு வழி பிறந்தது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி. வளைவு.

சாம்பார் நிறைந்த தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி வேகமாக மூலை திரும்பியிருப்பீர்கள். சட்டி வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வீசிக்கொண்டு போகும், ஆனால் சாம்பார் சிந்தாது. அதே சாம்பாரைத் தட்டையான தாம்பாளத்தில் வைத்து ஏந்திக்கொண்டு திரும்பிப் பாருங்கள், சட்டையில் வாங்கிக்கொள்வீர்கள். தூக்கு தானாகச் சாய்ந்துகொள்வதால் சாம்பாருக்கு எப்போதும் சட்டியின் அடிதான் ‘கீழே’. திரும்பும்போது வெளியே தள்ளும் விசையும் கீழே இழுக்கும் எடையும் சேர்ந்து எந்தத் திசையில் இழுக்கின்றனவோ, அந்தத் திசையில் தூக்கு தொங்குகிறது.

தொங்கு ரயில் முழுக்க இந்த ஒரு தந்திரத்தில்தான் நிற்கிறது. சாதாரண ரயிலில் வளைவுக்கு வெளித் தண்டவாளத்தை உயர்த்திக் கட்ட வேண்டும். அப்படியும் அந்தச் சரிவு ஒரே ஒரு வேகத்துக்குத்தான் கச்சிதமாக இருக்கும். தொங்கும் பெட்டி மெதுவாகப் போனால் கொஞ்சமாகச் சாயும், வேகமாகப் போனால் அதிகமாகச் சாயும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கணக்குக்கு ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம், ஆரம் 90 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பெட்டி 8 டிகிரி சாய வேண்டும். உள்ளே நிற்பவருக்கு ஜன்னல் வழியே ஊர்தான் சாய்ந்த மாதிரி தெரியும், கால் இடறாது. வூப்பர் ஆறு பாம்பாக நெளிகிற ஆறு. அதன்மேல் நெளிந்து நெளிந்து போக இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

ஆனால் அந்த 8 டிகிரிக்கு விலை உண்டு. தண்டவாளத்திலிருந்து 4 மீட்டர் கீழே பெட்டியின் தரை இருக்கிறது என்று வைத்தால், அந்தத் தரை அரை மீட்டருக்கு மேல் வெளியே வீசும். அந்த அரை மீட்டர் வெளியில் தூணோ சுவரோ எதுவும் இருக்கக் கூடாது. இதை நினைவில் வையுங்கள், கோவா போகும்போது வேண்டும்.

அடுத்து நிலையம். பார்மென் பக்கத்தில் வெர்தெர் புரூக்கெ என்றொரு நிலையம் இருக்கிறது. 1903இல் பாதையைக் கிழக்கே நீட்டியபோது வந்தது. ஆற்றுக்கு மேலேயே கண்ணாடியும் மரமும் அலங்கார இரும்பு வேலையுமாக, அந்தக் காலத்துப் பாணியில் ஒரு கூடம். நிலத்தில் அதற்கென்று மனை கிடையாது. கரையிலிருந்து படியேறிப் போனால் ஆற்றின் இரு ஓரத்துக்கும் மேலே இரண்டு நடைமேடைகள், நடுவில் இரண்டு பாதைகள். போகும் திசையைக் கீழே தெருவிலேயே முடிவு செய்துவிட்டு ஏற வேண்டும். ஏறிய பிறகு மனம் மாறினால் இறங்கி, பாலம் கடந்து, மறுபக்கம் ஏற வேண்டியதுதான்.

தொங்குகிற ஒன்றில் ஆளை ஏற்றுவது தனிச் சிக்கல். கல்யாண வீட்டு ஊஞ்சலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்கும்போது யாராவது ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறார் இல்லையா? கால் வைத்ததும் பலகை நழுவக் கூடாதே. தொங்கு ரயிலும் ஆட்கள் ஏறி இறங்கும்போது லேசாக அசையும். முதல் தடவை போகிறவர்கள் அந்த இடத்தில் கைப்பிடியைத் தேடுவார்கள், ஊர்க்காரர்கள் பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள்.

கதவுகள் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும்தான், வலப்பக்கம். மறுபக்கக் கதவுக்கு வேலையே இல்லை. ரயில் முனைக்குப் போனதும் பின்னோக்கி வருவதில்லை, பிரகாரம் சுற்றுவதுபோல் அரைவட்டம் அடித்து மறு தண்டவாளத்தில் ஏறிக்கொள்கிறது. ஓட்டுநர் அறையும் முன்பக்கம் மட்டுமே. கிழக்கே ஓபர்பார்மென், மேற்கே ஃபோவிங்கல், இரண்டு முனையிலும் இப்படி ஒரு சுற்று, பக்கத்தில் பட்டறை. இதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. தரையில் தண்டவாளம் மாற்ற இரண்டு கூர்முனைகளை நகர்த்தினால் போதும். தொங்கு ரயிலில் தடம் மாற்ற வேண்டுமென்றால் கொக்கி நுழைந்து போக வழிவிட்டு மொத்தச் சட்டத்தின் ஒரு துண்டையே நகர்த்த வேண்டும். கூடியவரை தவிர்த்துவிட்டார்கள்.

நடுவழியில் நின்றுபோனால்? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பின்னால் வரும் ரயில் வந்து தள்ளிக்கொண்டு போகலாம். முடியாவிட்டால் எதிர்ப்பாதை ரயிலைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நடுவே பலகை போட்டு ஆட்களை மாற்றுவார்கள். தெருப் பகுதியில் தீயணைப்பு ஏணி எட்டும்.

ஆற்றில் விழுந்தவர்களும் உண்டு. அப்படி விழுந்ததில் ஒன்று யானைக்குட்டி. டுஃபி என்று பெயர், இந்தியாவில் பிறந்தது, வயது நான்கு. 1950 ஜூலை 21 அன்று சர்க்கஸ்காரர்கள் விளம்பரத்துக்காக அதை ரயிலில் ஏற்றினார்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு மிரண்ட குட்டி, பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது. சின்னச் சிராய்ப்போடு எழுந்து நின்றது. பிறகு 1989 வரை வாழ்ந்தது. அந்த ஊர்ப்பக்கம் டுஃபி என்ற பெயரில் பால் விற்கிறார்கள். டெய்ரி சர்க்கிளில் நமக்கு நந்தினிப் பசு, அவர்களுக்கு நம்ம ஊர் யானை!

இன்னொரு முறை விழுந்தது சிரித்துவிட்டுப் போகும் கதை இல்லை. 1999 ஏப்ரல் 12, திங்கள்கிழமை விடியற்காலை. வார இறுதியில் சட்டம் மாற்றும் வேலை நடந்திருந்தது. வேலைக்காகத் தண்டவாளத்தில் மாட்டிய ஓர் இரும்புக் கவ்வியைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். அன்றைய முதல் ரயில் அதில் மோதி ஆற்றில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், 47 பேர் காயமடைந்தார்கள். நூறாண்டுக்கு அருகில் ஓடிய ரயிலில் பயணிகள் உயிர் போன விபத்து அது ஒன்றுதான். துள்ளினால் தடுக்கக் கொக்கி இருக்கிறது, சாய்ந்தால் தாங்க வடிவம் இருக்கிறது, தண்டவாளத்தின் மேலேயே குறுக்கே இரும்பு நின்றால் இரண்டுமே உதவாது.

அந்தச் சட்டம் மாற்றும் வேலை பல வருடம் நடந்தது. பழைய இரும்பை எடுத்துவிட்டுப் பழைய உருவத்திலேயே புதிய இரும்பை வைத்தார்கள். நிலையங்களையும் திரும்பக் கட்டினார்கள். பல புது வடிவத்துக்கு மாறின. வெர்தெர் புரூக்கெ மட்டும் வேறு இரண்டோடு சேர்ந்து பழைய தோற்றத்தை வைத்துக்கொண்டது. லிஃப்ட் கூடுதல். 2016 டிசம்பரில் நீல நிறப் புதுப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. அதோடு தொல்லையும் வந்தது. 2018 நவம்பரில் மின்சாரச் சட்டம் சில நூறு மீட்டர் நீளத்துக்குக் கழன்று கீழே விழுந்தது. ரயிலை நிறுத்தி 2019 ஆகஸ்ட் வரை சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு சக்கரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்தன. 2020 ஆகஸ்டிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் சனி, ஞாயிறு மட்டும் ரயில், மற்ற நாள் பஸ். கிணற்றுக் கப்பி தேய்ந்தால் கடைவீதியில் இன்னொன்று வாங்கலாம். உலகத்தில் இந்த ஒரு பாதைக்கென்றே செய்த சக்கரத்தை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

இந்தியாவிலும் ஒருவர் ரயிலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கொங்கண் ரயில்வேயின் நிர்வாக இயக்குநராக இருந்த எஞ்சினியர் பி. ராஜாராம். அவருடைய ‘ஸ்கைபஸ்’ வூப்பர்டாலின் நகல் இல்லை. சாலை நடுவே கான்கிரீட் தூண்கள், தூண்மேல் பெட்டி வடிவக் கான்கிரீட் குழல், குழலுக்குள் வழக்கமான இரண்டு தண்டவாளம், அதில் சக்கரங்கள், கீழே பயணிகள் பெட்டி. மழையும் குப்பையும் தண்டவாளத்தில் விழாது. தெருவில் நிலம் வாங்க வேண்டாம், மெட்ரோவைவிட மலிவு என்பது வாதம். கோவாவின் மட்காவ் நகரத்தில் 1.6 கிலோமீட்டருக்குச் சோதனைப் பாதை கட்டினார்கள். 2004 செப்டம்பர் 25 அன்று சோதனை ஓட்டத்தில் பெட்டி வீசிப்போய்த் தூணில் மோதியது. கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தனர். அதன்பின் திட்டம் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து அதைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். ஒரே விபத்தை வைத்து யோசனையே தவறு என்று சொல்ல நான் தயாரில்லை. ஜப்பானின் சிபா நகரத்தில் குழலுக்குள் சக்கரம் ஓடும் தொங்கு ரயில் 15 கிலோமீட்டருக்குப் பத்திரமாக ஓடுகிறது. ஆனால் வூப்பர்டாலில் ஏணிக்கால்கள் இரு கரைக்கும் விலகிப்போய் நடுவில் ஆறு முழுக்கப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றன. சாலை நடுவே ஒற்றைத் தூண் என்றால் தூண் பெட்டியை ஒட்டியே நிற்கும். தூக்குச்சட்டி வீசும் அரை மீட்டர் அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அப்படியானால் நம் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய்க்கு மேல் ஒன்று விடலாமே என்று ஆடுகோடியில் யாராவது கேட்டால் சிரித்து ஒதுக்க மாட்டேன். மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி, சாந்திநகர், கோரமங்களா ஓரமாகப் பெள்ளந்தூர் ஏரிக்குப் போகும் கே-100 காலுவே பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். வூப்பர் ஆற்றின் மேல் ரயில் போகும் தூரமும் அவ்வளவுதான். ஒரு முனையில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும், மறுமுனையில் ஐ.டி. ஆபீஸ்கள். காகிதத்தில் பார்த்தால் கை அரிக்கும். ஆனால் ஏணியின் இரண்டு காலும் ஊன்றக் கரை வேண்டும். கரையில் வீடுகள் ஓரம்வரை வந்து நிற்கின்றன. மிச்சமிருக்கும் கரை வழியாகத்தான் மழைக்கு முன்னால் ஜே.சி.பி. இறங்கிச் சேற்றை அள்ள வேண்டும். மெட்ரோப் பெட்டி கெட்டுப்போனால் பெங்களூரிலேயே பி.இ.எம்.எல். இருக்கிறது. தொங்கு ரயிலுக்கு ஒவ்வொரு சக்கரமும் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். சாந்திநகர்ப் பக்கம் அந்தக் காலுவேயின் ஓரத்தைச் சுத்தம் செய்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதை ஆடுகோடிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு வரட்டும் என்பதுதான் இப்போதைக்கு என் ஓட்டு.